இணைய ஏலம்: வாங்கவும் விற்கவும் கற்றுக்கொள்வோம்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சுவாமிக்குச் சாத்திய மாலையையும், பூசையில் வைத்த எலுமிச்சம்பழத்தையும் ஏலம் விடும் வழக்கத்தை நாம் நன்கறிவோம். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று ஒலிபெருக்கியில் குரல் எழும்போது, பத்து வெள்ளி கேட்கலாம் என்று வந்தவர் ஐம்பது வெள்ளி கேட்டுவிடுவதும் உண்டு. அப்பணம் கோயிலுக்குச் சேர்வதால் அதனை எவரும் நட்டமாகக் கருதுவதில்லை. ஆனால், அதே வேகத்தை வாணிப ஏலத்தில் காட்டினால் நட்டம் நம் குடும்பத்துக்கே. இன்று அத்தகைய ஏலம் கைப்பேசி வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எனவே, அதன் முறையைத் தெளிவாகக் கற்றுக்கொள்வது நமது கடமையாகும்.

ஏலம் நமக்குப் புதியதன்று

தமிழில் 'ஏலம்' என்றும் மலாயில் 'லெலோங்' என்றும் நாம் கூறும் சொற்கள் இரண்டும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. நம் முன்னோர் காலத்து ரப்பரும் 1911ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் ஏலத்தில் விற்கப்பட்டது. பொருளைப் பார்த்து, தரத்தை அறிந்து, விலை கேட்பதே அன்றும் இன்றும் ஏலத்தின் அடிப்படை.

இணைய ஏலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'இபே' என்னும் தளமாகும். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிடியார் என்பவர் இதனைத் தொடங்கினார். அதில் முதலில் விற்பனையானது பழுதடைந்த ஓர் ஒளிக்கதிர்ச் சுட்டுகோல். அதன் விலை 14 டாலர் 83 சென். பழுதடைந்தது என்பதை அறிந்தே, அத்தகைய பொருள்களைச் சேர்க்கும் ஒருவர் அதனை வாங்கினார். குறையை மறைக்காமல் கூறினாலும் பொருளுக்கு வாங்குவோர் உண்டு என்பதற்கு இது சான்று.

விலை எவ்வாறு ஏறுகிறது?

கோயில் ஏலத்தில் ஒவ்வொரு முறையும் நாமே குரல் கொடுக்க வேண்டும். இபே தளத்தில் அவ்வாறன்று. நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒரு முறை பதிவு செய்தால் போதும். நமக்காகத் தளமே சிறிது சிறிதாக விலை கேட்கும். நமது உச்ச விலை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு பழைய கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்துள்ளதாகக் கொள்வோம். இப்போதைய விலை 10 டாலர். நாம் 24 டாலரை உச்ச விலையாகப் பதிகிறோம். வேறொருவரின் உச்ச விலை 18 டாலர். நமக்கு விலை 24 டாலராகிவிடாது. அவருடைய விலைக்கு மேல் ஒரு படி மட்டுமே ஏறும். அந்த விலை மட்டத்தில் ஒரு படி என்பது 50 சென். ஆகவே, விலை 18 டாலர் 50 சென்னில் நிற்கும். பின்னர் மூன்றாமவர் ஒருவர் 30 டாலர் பதிந்தால், விலை 24 டாலர் 50 சென்னுக்கு ஏறி, கடிகாரம் அவர் பக்கம் சென்றுவிடும்.

வெற்றி பெறுபவர், தமக்கு அடுத்து நின்றவரின் விலையை ஒட்டியே பணம் செலுத்தும் இம்முறையின் நன்மையைப் பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். 1996ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையில் விலையைக் குறைத்துக் கூறி விளையாட வேண்டிய தேவையில்லை. நம் மனம் ஒப்பும் உண்மையான உச்ச விலையை ஒரு முறை பதிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

ஆபத்து எங்கே பிறக்கிறது? மூன்றாமவர் முந்தியதும், "இன்னும் இரண்டு டாலர்தானே" என்று மீண்டும் கை நீளும்போது பிறக்கிறது. ஏலம் முடியும் கடைசி நிமிடத்தில் இந்த ஆசை மிகும். கேட்ட விலையோ விளையாட்டன்று. வென்றால் வாங்கியே தீர வேண்டும். எனவே, ஏலத்தில் நுழையும் முன்னரே உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்து, அதனைத் தாண்டாதிருப்போம்.

எல்லையை எப்படிக் கணக்கிடுவது?

முதலாவது, அதே பொருள் அண்மையில் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பார்க்க வேண்டும். இபே தளத்தில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் தேடிப் பார்க்க வழியுண்டு. விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. விற்று முடிந்த விலையே சந்தையின் தீர்ப்பு.

இரண்டாவது, தபால் செலவையும் வரியையும் கூட்ட வேண்டும். 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களை வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும்போது 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கும் முறை மலேசியாவில் 2024 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. கடிகாரத்தின் விலை 60 வெள்ளி, தபால் 45 வெள்ளி, வரி 6 வெள்ளி என்றால் மொத்தம் 111 வெள்ளி. அது போன்ற கடிகாரம் பட்டணத்துக் கடையில் 100 வெள்ளிக்குக் கிடைக்குமானால், ஏலத்தில் வென்றும் நாம் தோற்றவராவோம்.

மூன்றாவது, விற்பவரைப் பற்றி முன்பு வாங்கியவர்கள் எழுதியுள்ள கருத்துகளைப் படிக்க வேண்டும். நல்ல கருத்துகளின் எண்ணிக்கையோடு, குறை கூறியவர்கள் எதனைக் குறையாகக் கூறினர் என்பதையும் கவனிப்போம்.

நாம் விற்பவரானால்

நம் இல்லங்களில் பழைய தபால் தலைகள், நாணயங்கள், தோட்டங்கள் முற்காலத்தில் வெளியிட்ட டோக்கன்கள் ஆகியவை பெட்டிக்குள் கிடப்பதுண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை புழங்கிய வாழைமரத் தாள்களைப் பாட்டனார் நினைவாக வைத்திருப்போரும் உளர். வாசலுக்கு வந்து கேட்பவரிடம் அவற்றை ஐந்துக்கும் பத்துக்கும் கொடுத்துவிடுவது ஒரு தவறு. ஆயிரக்கணக்கில் விலை போகும் என்று கனவு காண்பது மற்றொரு தவறு. வாழைமரத் தாள்களில் வரிசை எண் இல்லாதவை ஏராளமாக உள்ளன. எண் அச்சிடப்பட்ட முந்திய தாள்களுக்கே மதிப்பு மிகுதி. தாள் மடிந்துள்ளதா, கிழிந்துள்ளதா என்பதைப் பொறுத்தும் விலை மாறும். விற்று முடிந்த விலைகளைப் பார்த்தால் உண்மை நிலை விளங்கும்.

விற்க முனையும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வெளிச்சத்தில் படமெடுத்து, குறைகளை மறைக்காமல் எழுத வேண்டும். தொடக்க விலையைக் கவனமாகக் குறிக்க வேண்டும். ஒருவர் மட்டுமே கேட்டால் பொருள் அவ்விலைக்கே போய்விடும். ஆகவே, எவ்விலைக்குக் குறைந்தால் மனம் வருந்துமோ அதனையே தொடக்க விலையாக வைப்போம். தளத்தின் கட்டணத்தையும் தபால் செலவையும் கழித்த பின் எஞ்சுவதே நமது வரவு. நம் பொருளுக்கு நாமோ நம் உறவினரோ விலை கேட்டு ஏற்றிவிடுவது மோசடி. தளமும் அதனைத் தடை செய்துள்ளது. பொருளை அனுப்பும்போது, அது சென்று சேர்வதைக் கண்காணிக்கக்கூடிய எண்ணுள்ள தபாலையே பயன்படுத்த வேண்டும்.

ஏமாறாதிருக்க

"தளத்துக்கு வெளியே பணம் அனுப்புங்கள், விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்று எவரேனும் கூறினால் அங்கேயே நிறுத்திக்கொள்வோம். தளம் தரும் பாதுகாப்பு, தளத்தின் வழி செலுத்திய பணத்துக்கே உண்டு. வங்கி நமக்கு அனுப்பும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறலாகாது. உள்நாட்டில் முன்பின் அறியாத ஒருவரின் கணக்கில் பணம் போட வேண்டியிருந்தால், அரச மலேசியக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணை முதலில் சோதிக்கலாம். ஏமாற்றப்பட்டு வங்கிப் பணம் போய்விட்டதாக அறிந்தால், வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் 997 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

உள்நாட்டு வணிகர் குறைபாடுள்ள பொருளைத் தந்து ஏமாற்றினால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கு 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பர். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆதலால் விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவோம்.

விடியுமுன் எழுந்து பால் வெட்டிச் சேர்த்த பணம் நம்முடையது. கட்டிப்பாலை நிறுக்கும்போது தராசு முள்ளைக் கூர்ந்து பார்க்கும் நாம், கைப்பேசியில் விலை கேட்கும்போதும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதலில் பத்து வெள்ளிப் பொருள் ஒன்றில் பழகுவோம். படித்த பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்வோம். ஆனால், எல்லையை நாமே வகுப்போம். அந்த எல்லையைத் தாண்டி ஒருவர் கேட்டால், பொருள் அவருக்கே போகட்டும். நம் பணம் நம்மிடம் இருக்கும்.