பட்டாவில் பெயரில்லா உழவர்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தன் வழியில் எட்டு அணைக்கட்டுகளின் வாயிலாக இரு கரைக்கும் நீரைப் பகிர்ந்தளிக்கின்றது. கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக உள்ள அக்கால்வாய்களின் பாசனத்தில், நெல்லுக்கு அடுத்தபடியாகக் கண்ணை நிறைப்பது வாழையே. சேரன்மகாதேவியிலும் ஏரலிலும், ஆற்றுப் பாசனத்துக்கு வெளியே மலையடிவாரத்துக் களக்காட்டிலும் ஏத்தனும் நாடும் இரசகதலியும் செவ்வாழையும் வளர்கின்றன. ஓணப் பண்டிகைக்காலத்தில் நம் ஏத்தன் தார்களைக் கேரளம் எதிர்பார்த்திருக்கும். ஆற்றின் கீழ்க்கோடியில் ஆத்தூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

இத்தகைய பயிர்களை வளர்ப்போருக்கு அரசு உதவுவதே இல்லை என்று சொல்வது நியாயமன்று. 2005-06-இல் தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கத்தின் வழியாகவும், அதன்பின் வந்த திட்டங்களின் வழியாகவும் நடவுப்பொருள், நிழல்வலைக் குடில், சிப்பம் கட்டும் அறை எனப் பலவற்றுக்கும் மானியம் உண்டு. பந்தல் அமைக்கவும், வாழைக்கு முட்டுக்கொடுக்கவும் மாநில அரசின் உதவி கிடைத்து வந்துள்ளது. எல்லாவற்றிலும் மேலானது சொட்டுநீர்ப் பாசன மானியம். ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நிலமுடைய சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழகத்தில் நூற்றுக்கு நூறு விழுக்காடும், ஏனையோருக்கு 75 விழுக்காடும் என அது வகுக்கப்பட்டுள்ளது. நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் போன்ற கிணற்றுப் பாசன ஊர்களில் ஒரு குழாயின் துளியால் வாழையும் முருங்கையும் பிழைத்திருப்பதைக் கண்டோர், இதனை வீண் செலவென்று கூறத் துணியார்.

ஆயினும் இம்மானியத்தின் வாசலில் நிற்பது ஒரு காகிதம். பட்டா, சிட்டா, அடங்கல், நிலவரைபடம், வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை, பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டுமல்லவா? ஆனால் நம் ஆற்றங்கரை வயல்களில் உழுபவர் ஒருவர், பட்டாவில் உள்ளவர் மற்றொருவர். கோயில்களுக்கும் மடங்களுக்கும், சென்னையிலும் மும்பையிலும் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் உரிய நிலங்களை, ஆண்டுக்கொரு முறை வாய்ச்சொல்லால் குத்தகை பேசிப் பயிரிடுவோர் எத்தனை பேர்! வாழைக்கன்றை ஊன்றியவரும், காற்றடித்த இரவில் உறங்காமல் கிடந்தவரும் அவரே. காகிதத்தில் மட்டும் அவர் இல்லை.

சொட்டுநீர் மானியத்தின் மத்திய விதிகள் குத்தகைதாரரை முற்றிலும் ஒதுக்கவில்லை. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து குறைந்தது ஏழாண்டுக் குத்தகை இருந்தால் அவரும் பெறலாம் என்கின்றன. ஓராண்டில் தார் வெட்டி, மறுதாம்புக்கு நிலம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சுபவரிடம் ஏழாண்டு ஒப்பந்தம் கேட்பது, எட்டாத கிளையில் கனியைக் கட்டிவைப்பதாகும். 2019-இல் வந்த ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டமோ நிலமுடைய குடும்பங்களுக்கு மட்டுமே உரியது.

பேரிடர் வரும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை எவர் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவாயிற்று. ஏரல், திருவைகுண்டம் பகுதிகளின் வாழைத்தோட்டங்கள் நீருள் மூழ்கின. பேரிடர் நிவாரண நெறிமுறை, பயிர் 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் சேதமடைந்திருக்க வேண்டுமென்கிறது. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாயும் வகுத்துள்ளது. கூடுதலான தொகையையே எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆயிரம் வாழை நிற்குமாயின், வாழையொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்பது ரூபாய். அந்த ஒன்பது ரூபாயும் வயலில் நின்றவரின் கணக்குக்கு வருமா, பட்டாக்காரரின் கணக்குக்குப் போகுமா என்பது அடங்கலில் யார் பெயர் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பயிர்க் காப்பீடும் அப்படியே. 2016-இல் தொடங்கிய திட்டத்தில் வாழை போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி செலுத்தவேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் ஐந்து விழுக்காடு. குத்தகைதாரரும் அதில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெறாமல் சேர இயலாது. நிலக்காரரின் மனம் கோணாமல் அதைப் பெறுவதும் எளிதன்று.

நிலக்காரர் ஏன் எழுதிக்கொடுக்கத் தயங்குகிறார்? அதற்கும் காரணமுண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், அவரது பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்கிறது. ஏழைக்குக் கேடயமாக வந்த இச்சட்டங்களைக் கண்டு அஞ்சிய நிலக்காரர்கள், எழுத்தையே கைவிட்டு வாய்மொழிக்குத் திரும்பினார்கள். ஆந்திரம் வேறொரு வழியை முயன்றது: 2019-ஆம் ஆண்டின் பயிரிடுவோர் உரிமைச் சட்டப்படி, நில உரிமையைத் தொடாமல், பதினொரு மாதங்களுக்கு மட்டும் ஓர் அட்டை வழங்கினால் கடனும் காப்பீடும் உதவியும் பெறலாம். அங்கும் நிலக்காரரின் கையொப்பம் வேண்டும். அக்கையொப்பம் எளிதில் கிடைப்பதில்லை. எனினும் முயற்சி நேர்மையானது. தமிழகமும் அத்தகைய அட்டையைச் சிந்திக்கலாம் என்பது என் எண்ணம்.

சொந்த நிலமுடைய நம் குடும்பங்களின் நிலையும் சீராக இல்லை. பாட்டனார் பெயரில் பட்டா; அவர் கல்லறைக்குப் போய் முப்பதாண்டுகள். பங்காளிகள் நால்வரும் வேலியிட்டுப் பிரித்துக்கொண்டாயிற்று. உட்பிரிவு மட்டும் ஆகவில்லை. கணவரை இழந்த சகோதரி தோட்டத்தைத் தனியே காக்கிறார். வாரிசுச் சான்று வாங்கவில்லை. பெயர்க் குழப்பமோ நம்மவர்க்கே உரியது. திருமுழுக்கில் சூசை, பள்ளியில் ஜோசப், பட்டாவில் சூசைமுத்து, ஆதாரில் வேறோர் எழுத்துக்கூட்டு! கணினிக்கு இந்த நால்வரும் ஒருவரே என்று யார் எடுத்துச் சொல்வது? 2025 முதல் நில விவரத்தையும் ஆதாரையும் இணைத்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கப்படுவதால், இனி இக்குழப்பம் ஒவ்வொரு திட்டத்திலும் தடையாகும்.

ஆகவே ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் ஜமாபந்தியைத் தவறவிடாதீர்கள். பட்டா மாறுதல், உட்பிரிவு, பெயர்த் திருத்தம் ஆகியவற்றுக்கு அங்கே மனுக் கொடுக்கலாம். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் நகல் வேண்டுவோர் பங்கு அலுவலகத்துக்கு வரலாம். தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகத்துக்கு இடைத்தரகர் இல்லாமல் நேரே செல்லுங்கள். உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். நம் பங்குகளுக்கோ, நிறுவனங்களுக்கோ உரிய நிலத்தைப் பிறர் உழும் இடங்களில், அக்குத்தகையை எழுத்தில் தருவதற்கு நாம் பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டுமென்பதையும் பங்குப் பேரவையினர் கவனத்திற்கொள்க.