பேராயர் யாருக்குப் பதில் சொல்வார்?

திருச்சபையும் அதிகாரமும் – 7

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன் சபையின் நான்கு பேராயங்கள், தென்னிந்திய மெதடிஸ்ட் சபை, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் 1908இல் சேர்ந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்று ஒன்றாயின. பேராயர் இன்றித் திருச்சபையே இல்லை என்று நம்பியவர்களும், பேராயரே வேண்டாம் என்று பிரிந்துபோன மரபினரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். இந்த நாளை நாம் ஒற்றுமைத் திருநாளாகக் கொண்டாடுகிறோம், அது சரிதான். ஆனால், ஆன்மிக அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அது யாருக்குக் கட்டுப்பட்டது என்ற பழைய கேள்விக்கும் அன்று ஒரு விடை எழுதப்பட்டது. அந்த விடையில் ஒரு பாதியை மட்டுமே நாம் கைக்கொண்டோம் என்பதே இந்த வாரத்து என் வாதம்.

விடை ஒரே நாளில் கிடைக்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைகளின் ஒற்றுமை பற்றிப் பேச 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களுள் முதன்மையானவர். முழுச் சபையாரின் குரல், மூப்பர்களின் மன்றம், பேராயரின் கண்காணிப்பு ஆகிய மூன்றும் திருச்சபைக்குத் தேவை என்று அவர்கள் அறிக்கையிட்டார்கள். அதன்பின் 28 ஆண்டுகள் பேச்சு நீண்டது. 1945இன் முதல் நாளிலேயே காலமான அசரியா அதன் நிறைவைக் காணவில்லை. இறுதியில் பேராயர் பொறுப்பு ஏற்கப்பட்டது; ஆனால் திருச்சபையின் சட்டத்துக்கு உட்பட்ட பொறுப்பாக. அதைப் பற்றிய எந்த ஒரு இறையியல் விளக்கமும் எவர்மீதும் சுமத்தப்படவில்லை. மூன்று சபைகளின் குருமாருக்கும் மறுபடி குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே பெற்ற பட்டமே போதும் என்று ஏற்கப்பட்டது. இனிவரும் பட்டங்களைப் பேராயர்கள் கொடுப்பார்கள் என்று முடிவாயிற்று.

இந்த ஏற்பாட்டில் பேராயருக்குப் போதிக்கவும், குருப்பட்டம் கொடுக்கவும், மந்தையை மேய்க்கவும் முழு உரிமை உண்டு. ஆயினும் அவரைத் தெரிந்தெடுப்பதில் திருமண்டலப் (பேராயப்) பெருமன்றத்துக்கும், முழுத் திருச்சபையின் உயர் மன்றமான சினாடுக்கும் பங்குண்டு. அந்த மன்றங்களில் குருமாரோடு சபை மக்களின் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். இது ஜனநாயகக் காலத்துக்காகச் செய்துகொண்ட சமரசம் அல்ல. அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கான ஏழு பேரைத் தெரிந்தெடுத்தவர்கள் சீஷர் கூட்டத்தார். கைகளை வைத்து ஜெபித்தவர்கள் அப்போஸ்தலர். 15ஆம் அதிகாரத்தில் விருத்தசேதன வழக்கை அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி விசாரித்தார்கள். தீர்மானத்தை அனுப்பும்போது முழுச் சபையும் உடன்நின்றது. அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் அவரை முகத்துக்கு நேராகவே எதிர்த்தார். அதனால் பேதுருவின் அப்போஸ்தலப் பணி குறைந்துவிடவில்லை.

அப்போஸ்தலரிடமிருந்து கைமாறி வரும் அதிகாரத்தை ஒப்பந்தம் போட்டுத் தீர்மானிக்க முடியுமா என்று அன்று பலர் எதிர்த்தார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இந்தச் சபை ஒன்றிப்புத் திட்டத்துக்கு எதிராகத் தனி நூலே எழுதினார். 1948 லாம்பெத் மாநாட்டிலும் ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஒருமனப்படவில்லை. அவர்கள் அக்கறையில் நியாயம் உண்டு. அழைப்பு கடவுளிடமிருந்தே வருகிறது. ஆனால் அழைப்பைத் தந்தவர் கடவுள் என்பதாலேயே, அழைக்கப்பட்டவரைச் சோதித்தறியும் கடமை சபைக்கு இல்லாமல் போவதில்லை. ஆவியின் வரம் நேரடியாகப் பெற்றவரை யார் விசாரிப்பது என்று தனிச் சபைகளின் தலைவர்கள் சிலர் கேட்பதற்கும் இதுவே மறுமொழி. தீர்க்கதரிசனம் சொல்பவரையும் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்றே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் கட்டளையிட்டார்.

கனமான ஆட்சேபம் இன்றைய நிலையிலிருந்து எழுகிறது. திருமண்டலத் தேர்தல்களில் அணிகள் மோதுகின்றன, சாதி பேசுகிறது, வழக்குகள் உயர் நீதிமன்றப் படியேறுகின்றன. இதுதானா நீங்கள் புகழும் மன்ற ஆட்சி என்று விசுவாசிகள் வேதனையோடு கேட்கிறார்கள். அந்த வேதனை உண்மையானது. ஆனால் வாக்குப்பெட்டியை எடுத்துவிட்டால் அணிகள் மறைந்துவிடுமா? மூடிய அறைக்குள் இடம் மாறும், அவ்வளவுதான். 1947இன் விடையில் இரண்டு பாதிகள் இருந்தன: மன்றம் தலைவரைத் தெரிந்தெடுக்கும், தெரிந்தெடுக்கப்பட்டவர் அதே மன்றத்துக்குக் கணக்கும் கொடுப்பார். நாம் முதல் பாதியைத் தேர்தலாக வளர்த்தோம். இரண்டாம் பாதியைச் சடங்காகச் சுருக்கிவிட்டோம். சபைச் சொத்துகளின் கணக்கு ஒவ்வொரு சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். பேராயர்மீதான முறையீட்டை அவருக்குக் கட்டுப்படாத விசாரணைக் குழு கேட்க வேண்டும். பள்ளி, கல்லூரி நியமனங்கள் பேராயர் அலுவலகத்தின் கையை விட்டு விலக வேண்டும். பேராயர் பொறுப்பில் ஆதாயம் குறைந்தால் அதற்கான போட்டியும் தணியும். ஜெபிக்கவும் போதிக்கவும் வீடுகளைச் சந்திக்கவும் விரும்புகிறவரே அப்பொறுப்பை நாடுவார். கணக்குக் கொடுக்கும் மேய்ப்பரின் சொல்லுக்குத்தான் மந்தை மனமுவந்து கீழ்ப்படியும். அந்தக் கீழ்ப்படிதலை எந்தச் சட்டத்தாலும் வாங்கித் தர இயலாது.

(அடுத்த வாரம்: பெண்களுக்குக் குருப்பட்டம்)