பஞ்சில் செய்த என்ஜின்

கார் சீட் உறையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒரகடத்தில் சீட் கவர் தைக்கும் லைனில் இருக்கும் எங்களுக்கு அந்த உள்பக்கத்தோடுதான் நாள் முழுக்க வேலை. வெளியே பார்த்தால் முதுகும் தோளும் வைத்த ஒரே உடல். உள்ளே பார்த்தால் துண்டு துண்டான துணி. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிறு முக்கோண வெட்டுகள் இருக்கும். நாட்ச் என்போம். ஒரு துண்டின் நாட்ச் அடுத்த துண்டின் நாட்சோடு நேருக்கு நேர் சேர வேண்டும். நேரான இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் துணி தட்டையாகவே கிடக்கும். வெளியே வளைந்த ஓரத்தை நேரான ஓரத்தோடு சேர்த்து, நாட்ச் பிசகாமல் தைத்துப் பாருங்கள், துணி தானே எழும்பும். ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

இதே கணக்கை வைத்துச் சிற்பம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிற்பம் என்றதும் நமக்குக் கல்லும் வெண்கலமும் சுதையும்தான் நினைவுக்கு வரும். மாமல்லபுரம் எங்கள் ஒரகடத்துக்குத் தூரமும் இல்லை. துணியும் நூலும் கயிறும் சிற்பத்தின் பொருளாக நவீனக் கலைக்கூடங்களுக்குள் வந்து அறுபது ஆண்டு ஆகிறது. அமெரிக்கச் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் 1962-இல் நியூயார்க்கில் ஒரு பர்கரையும் ஒரு கேக் துண்டையும், ஆள் ஏறிப் படுக்கிற அளவுக்கு, கான்வாஸ் துணியில் செய்து தரையில் வைத்தார். உள்ளே ஃபோமும் அட்டைப்பெட்டியும் அடைத்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1930-களில் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ என்ற காரை எடுத்துக்கொண்டார். அதன் என்ஜினைக் கான்வாஸில் தைத்து, இலவம் பஞ்சு அடைத்தார். நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கிற அதே இலவம் பஞ்சு. சூடும் எண்ணெயும் இரைச்சலுமாக இருக்க வேண்டிய பொருள் தொய்ந்து சாய்ந்து கிடந்தது.

1962-இன் அந்தத் துணிச் சிற்பங்களை மெஷினில் தைத்தவர் அவருடைய மனைவி பேட்டி. ஓல்டன்பர்க்கின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் பெரிதாக இருக்கிறது. தைத்தவரின் பெயரை நான் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தைக்கிறவளாக எனக்கு இது உறுத்துகிறது.

அதனாலேயே மார்கரீத்தா கப்ரேராவின் காரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இவர் மெக்சிகோவில் பிறந்து, அமெரிக்க எல்லை ஊரான எல் பாசோவில் வசிப்பவர். ஆற்றைத் தாண்டினால் சியுதாத் ஹுவாரெஸ். கம்பெனி கம்பெனியாக அசெம்பிளி வேலை நடக்கிற ஊர். பெண்கள் கூட்டம் கூட்டமாக ஷிப்டுக்குப் போவதில் நம் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மெக்சிகோக்காரர்கள் செல்லமாக 'வோச்சோ' என்பார்கள். அந்த வகையின் கடைசிக் கார் 2003 ஜூலையில் அங்கே பூவெப்லா ஆலையிலிருந்து வெளியே வந்தது. அடுத்த ஆண்டே கப்ரேரா நிஜ அளவில் ஒரு வோச்சோவைத் தைத்தார். உடம்பு முழுக்க வினைல். அங்கங்கே மட்டும் நிஜக் கார் பாகங்கள். கதவும் பானெட்டும் காற்று இறங்கினதுபோலத் தொய்ந்திருக்கும்.

அந்தக் காரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தையல் ஓரங்களிலிருந்து நூல்நுனிகள் தொங்குவது தெரியும். வெட்டாமல் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். எங்கள் லைனில் ஒரு நுனி தொங்கினாலும் பீஸ் திரும்பி வந்துவிடும். டிரிம்மர் வைத்து வெட்டி, சுத்தமாகத் துடைத்து அனுப்புவோம். ஒருவர் உட்கார்ந்து தைத்தார் என்ற அடையாளமே தெரியாமல் இருப்பதுதான் நல்ல தையல் என்று எங்களுக்குப் பழக்கம். வாங்குகிறவருக்கு அது சரிதான். ஆனால் கப்ரேராவின் காரைப் பார்க்கிறவர் அந்த நுனிகளைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வி, இதை யார் தைத்தார்கள் என்பதாகத்தான் இருக்கும்.

சீனத்துக்காரர் யின் ஷியூஜென் 2007-இல் இன்னொரு வழி கண்டார். ஒரு சின்ன வேனை நடுவில் இரண்டாக அறுத்து, இடையில் இரும்புச் சட்டம் கொடுத்து, ஊரார் உடுத்திக் கழித்த சுமார் 400 துணிகளைச் சேர்த்துத் தைத்த நீண்ட உறையால் அதைப் போர்த்தினார். உள்ளே போய் உட்காரலாம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். புது லாரியோ காரோ எடுத்தால் நாம் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். கர்நாடகத்தில் மனித முடியில் திரித்த கயிற்றைப் பம்பரில் சுற்றுகிற வழக்கம் உண்டு. கோயிலில் நேர்த்திக்கடனாக இறக்கிய முடியில் நீளமானது விக் செய்யப் போகிறது. குட்டை முடி கயிறாகிறது. பெங்களூருவில் இருக்கும் சிற்பி ஷீலா கவுடா, பத்ராவதி என்ற இரும்பாலை ஊரில் 1957-இல் பிறந்தவர். அவர் இந்த முடிக்கயிற்றைச் சுமார் 4,000 மீட்டர் முடிந்து சேர்த்து, இருபது எஃகு பம்பர்களை அதில் தொங்கவிட்டார். 'பிஹோல்ட்' என்று பெயர். 2009-இல் வெனிஸ் கலைவிழாவில் வைக்கப்பட்டது. இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பளபளக்கும் பம்பர்களைச் சின்னக் கயிறு தாங்குகிறது. மீதிக் கயிறு சுவரில் வளைந்து இறங்கித் தரையில் குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு இழையும் யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு கொடுத்தது. எங்கள் சாலையில் டிரெய்லர்களில் புது வண்டிகள் அடுக்கடுக்காகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிற்பம் ஞாபகம் வரும்.

இதே ஷீலா கவுடா 1998-இல் தொடங்கிய ஒரு வேலையில் நூலை ஊசிக் காதுகளில் கோத்து இழுத்து, இழைகளைக் குங்குமமும் பசையும் பூசி ஒரே சிவப்புக் கயிறாக ஆக்கினார். கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். ஊசி விரலில் ஏறிய அனுபவம் உள்ளவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தைக்காமல், நெய்யாமல், முடிச்சுப் போட்டே கயிற்றுச் சிற்பத்தை ஆளுயரத்துக்கு மேல் கொண்டுபோனவர் மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தவர். சுப்பிரமணியன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1942 போராட்டத்தில் சிறை போய், பிறகு ஓவியத்துக்கு வந்தவர். அகில இந்தியக் கைத்தறி வாரியத்திலும் வேலை பார்த்திருக்கிறார். மாணவிக்குக் கயிற்றின் மேல் மரியாதை வந்ததில் ஆச்சரியம் இல்லை. மிருணாளினி சணல் வகைக் கயிற்றைச் சாயமேற்றி, முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், முடிச்சு முடிச்சாகப் போட்டு 'யக்ஷி', 'பக்ஷி', 'வனஸ்ரீ' போன்ற உருவங்களை எழுப்பினார். ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

'வனஸ்ரீ' படத்தை அப்பாவிடம் காட்டினேன். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்தவர். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்த விரல்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"முடிச்சு மேல முடிச்சா? இந்தக் கனத்துக்குச் சாயாதாம்மா?"

"உள்ள இரும்புச் சட்டம் கொடுத்திருப்பாங்கப்பா."

"அப்போ சரி. முடிச்சு ஒண்ணுபோல இருக்கு பாரு. கை தளரல."

நான் படித்த கலைக் கட்டுரைகள் எதிலும் அந்தக் கடைசி வார்த்தை இல்லை.

துணியை எழுப்பி நிறுத்தும் வேலை நமக்குப் புதிதும் அல்ல. சித்திரையில் ராமானுஜர் உற்சவத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் தேர் ஓடுகிறது. தமிழ்நாட்டுத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கவனித்திருப்பீர்கள்: வண்ணத் துணியை வெட்டி ஒட்டித் தைத்து, வளையம் கொடுத்து உருளையாக்கியவை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இந்த ஒட்டுத்துணி வேலைக்குப் பேர்போன தையற்காரர்கள் உண்டு. தேரின் மரச் சிற்பத்தை ஆராய்ந்தவர்கள் பலர். தொம்பை தைத்த கையைப் பற்றி அந்த அளவுக்கு எழுதியிருக்க வேண்டாமா?

எங்கள் சீட்டில் ஒரே ஒரு தையலுக்குக் கணக்கு உண்டு. பக்கவாட்டில் ஏர்பேக் வெளிவரும் இடம் அது. விபத்து நேரத்தில் அந்தத் தையல் கிழிந்தே ஆக வேண்டும். மற்ற நேரத்தில் கிழியவே கூடாது. அதற்குத் தனி நூல், தனி மெஷின். யார், எந்த நேரத்தில் தைத்தார் என்பது பதிவாகிவிடும். பிழை வந்தால் ஆளைத் தேடுவதற்காக வைத்திருக்கும் பதிவு. மற்ற தையல்களுக்கு ஆள் பெயர் கிடையாது.

இந்தச் சாலையில் எத்தனையோ கம்பெனி வாசலில் சிலைகளும் நீரூற்றுகளும் இருக்கின்றன. கழித்துப்போட்ட சீட் துணியிலும் ஏர்பேக் நைலானிலும் ஒரு பெரிய சிற்பத்தை எங்கள் லைன் பெண்களை வைத்துத் தைக்கச் சொல்லலாம். நாட்சும் நூல்நுனியும் வெளியே தெரிகிறமாதிரி, உள்பக்கத்தைத் திருப்பி. வடிவமைக்க ஒரு சிற்பி வரட்டும். பக்கத்தில் வைக்கும் பலகையில் சிற்பியின் பெயரோடு, தைத்தவர்கள் அத்தனை பேரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் டிரெய்னிப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இனிஷியலோட போடுவாங்களாக்கா?" என்பதுதான்.