கூவாத சேவல்

விடியற்காலத்தில் ஊர்ச் சேவல்களெல்லாம் கூவுகின்றன. நம் வீட்டுச் சேவல் மட்டும் கூவவில்லை. கூட்டைத் திறந்ததும் மற்றக் கோழிகள் முற்றத்துக்கு ஓடுகின்றன. அதுவோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியவாறு மூலையில் நிற்கிறது. கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. அப்போது வீட்டில் இரண்டு யோசனைகள் எழும். "தானாகவே தெளிந்துவிடும், விட்டுவிடு" என்பது ஒன்று. "சாவதற்கு முன் சந்தையில் தள்ளிவிடு" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே நாம் செய்யத்தக்கவை யாவை என்பதைச் சற்று ஆராய்வோம்.

பறவைகள் தம் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மெலிந்ததெனத் தெரிந்தால் பகை விலங்கும் அதையே நாடும். உடன் வாழும் கோழிகளும் அதையே கொத்தும். ஆதலால் சேவல் வெளிப்படையாகத் துவளும்போது நோய் தொடங்கிச் சில நாட்களேனும் ஆகியிருக்கலாம். காலந் தாழ்த்தாமல் அதனைப் பிரித்து, தனிப் பஞ்சாரமும் தனித் தண்ணீர்க் கலமும் கொடுத்துவிட வேண்டும். நலமாயுள்ள கோழிகளைக் கவனித்த பின்னரே நோயுற்றதை அணுக வேண்டும். பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்து நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: நோயுற்றது ஒரு சேவல்தானா, பல கோழிகளா? நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பல கோழிகள் ஒருசேரச் சாய்ந்தால், வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நம் நாட்டுக் கோழிகளிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல், மனிதரையும் பற்றக்கூடியது என்பதை மறக்கலாகாது.

ஒரு சேவல் மட்டுமே நோயுற்றிருந்தால், அதைக் கையிலெடுத்துத் தலை முதல் கால் வரை முறையாகப் பார்க்கலாம். கொண்டையும் தாடியும் செக்கச்செவேலென்று இருப்பது நலத்தின் அறிகுறி. வெளிறிக் கிடந்தால் குடற்புழுவோ, இரத்தம் உறிஞ்சும் செல்லோ காரணமாகலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைப்படுகிறது என்று கொள்ளலாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளமும் பொருக்குமாக இருந்தால் அது அம்மை. மூக்கில் சளியும், கண்ணில் நீரும், முகத்தில் வீக்கமும் சளி நோயைக் காட்டும்.

கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பை இரவில் நிறைந்திருந்தாலும் காலையில் காலியாயிருக்க வேண்டும். காலையிலும் கல்லைப்போல் கெட்டியாயிருந்தால், நார்ப்புல்லோ கயிறோ அடைத்திருக்கலாம். மென்மையாகப் பிசைந்துவிடுவதால் சில வேளை பயன் விளையும். தலைகீழாகப் பிடித்து உதறினால் உள்ளிருப்பது மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே கேடாகும். மார்பெலும்பு கத்தி விளிம்புபோல் துருத்தினால், சேவல் நெடுநாளாக மெலிந்து வருகிறது என்பது பொருள். இறகடியில் பேனும், பாதத்தின் அடியில் கருத்த பொருக்குடன் கூடிய வீக்கமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செல் பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து கடிக்கும். ஆகவே விளக்கோடு கூட்டையும் ஆராய்வது நன்று.

எச்சமும் நமக்குச் செய்தி சொல்லும். கரும்பழுப்பின் மேல் வெள்ளை படிந்திருப்பது இயல்பானது. இரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சலாகலாம். இது பெரும்பாலும் இளங்கோழிகளைத் தாக்கும். பச்சையும் வெள்ளையுமான கழிச்சலோடு, வாய் திறந்து மூச்சு வாங்குதலும், கழுத்து முறுக்கிக்கொள்ளுதலும், கால் இறக்கை விளங்காமற் போதலும் சேர்ந்தால், அது வெள்ளைக் கழிச்சல் என நாம் வழங்கும் ராணிக்கெட் நோயாக இருக்கக்கூடும். குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் 1927ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதல் காணப்பட்டமையால் அப்பெயர் வந்தது. வைரஸ் கிருமியால் உண்டாகும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, தடுப்பூசியே காப்பு. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறக்குறைய எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். இடைத் தவணைகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து கொள்ளலாம்.

இனிப் பராமரிப்பு. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்ப்பது அந்த வெப்பத்தைக் காக்கும் முயற்சியே. ஆகவே காற்றோட்டமுள்ள, ஆனால் குளிர்காற்று நேரே வீசாத இடத்தில் வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் கரைத்து அருகில் வைக்கலாம். குடிக்க மறுத்தால் அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட வேண்டுமேயன்றி, வாயைப் பிளந்து ஊற்றலாகாது. தீனிப்பையில் அடைப்பு இல்லாவிடில் குழைந்த சோறும், வேகவைத்து நசுக்கிய முட்டையும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மருந்துக் கடையில் நாமாக வாங்கும் மாத்திரை வைரஸ் நோய்க்கு உதவாது. வீணாகக் கொடுத்தால், பின்னர் உண்மையாகத் தேவைப்படும் நாளில் அம்மருந்து வலிமையிழந்து நிற்கும்.

சந்தைக்கு அனுப்பும் யோசனைக்கு வருவோம். நோயுற்ற ஒரு சேவல் கூடையிலேறிச் சென்றால், அதே சந்தையிலிருந்து வேறு பல ஊர்களுக்கு நோயும் செல்கிறது. நமக்குக் கிடைத்தது ஒரு சேவலின் விலை. முன்பின் அறியாத ஒருத்தி இழப்பது, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று அவள் வளர்த்த அத்தனை கோழிகளையும். ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் போன்ற கொள்ளை நோய்களின் ஐயம் எழுந்தால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டமும் விதிக்கிறது. இறந்ததை ஆற்றிலோ குப்பையிலோ எறியாமல், கிணற்றுக்குத் தொலைவில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

சேவல் பிழைத்துத் தீனி பொறுக்கத் தொடங்கினாலும் உடனே கூட்டத்தில் சேர்க்காமல், இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்ப்பது நலம். அதன் பின் ஒரு விடியலில் அதன் குரல் மீண்டும் கேட்கலாம். கேளாமலே போனாலும், அண்டை வீட்டுக் கூடுகளிலிருந்து எழும் குரல்கள் குறையாதிருக்குமானால், நாம் பட்ட பாடு வீண்போகவில்லை.