கை கழுவிட்டுத் தூக்குங்க

திண்டுக்கல் நாகல்நகர் டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். மகள் பிறந்து 45 நாள். ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறார்கள். வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று எல்லாப் பக்கத்துச் சொந்தமும் வருகிறது. "பெரியவளுக்குச் சளிண்ணே. சின்னதுக்கும் ஒட்டிக்குமோன்னு வீட்ல பயப்படுறாங்க. சளிதானே?" என்றார். இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார வைத்தேன்.

நமக்குச் சளி பெரும்பாலும் மூக்கோடு போய்விடும். பச்சைக் குழந்தைக்கு அது கீழே இறங்கிவிடலாம். மூச்சுக்குழாய் மரக்கிளை மாதிரி பிரிந்துகொண்டே போய், கடைசியில் நூல் பருமன் குழல்களாகிறது. வைரஸ் அந்தக் குழலின் உட்பக்கத்தை வீங்க வைக்கும். சளியும் சேர்ந்து அடைக்கும். பிறவியிலேயே குறுகலான குழல் அது. அகலம் பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கு என்று நினைப்போம். கணக்குப்படி 16 மடங்கு. ஆகவேதான் அப்பாவுக்கு வெறும் தும்மலாகப் போனது பிள்ளைக்கு மூச்சுத்திணறல் ஆகிறது. டாக்டர்கள் இதை பிராங்கியோலைட்டிஸ் என்பார்கள். இரண்டு வயது வரை வரும். ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் வாட்டும்.

இதற்கு முக்கியக் காரணம் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ். 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம்தான் முதலில் அகப்பட்டது. கொஞ்ச நாளிலேயே குழந்தைகளிடமும் கண்டார்கள். நம் பக்கம் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும்தான் அதன் ஆட்டம். இருமல் தும்மலில் பரவும், கையிலும் பரவும். கதவுப்பிடி, கிலுகிலுப்பை, செல்போன் மேலெல்லாம் சில மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

அதனால் வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள் தம்பி. "கை கழுவிட்டுத் தூக்குங்க பெரியம்மா" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை. சளி, இருமல் உள்ளவர்கள் தூர நின்று பார்க்கட்டும். முகத்தில் யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம். பெரியவளை மட்டும் விரட்டாதீர்கள், ஏங்கிப் போவாள். கை கழுவிவிட்டுத் தங்கச்சியின் பாதத்தைத் தொட்டு விளையாடட்டும்.

அடுத்தது புகை. இதைச் சொன்னால் நம் வீடுகளில் சங்கடப்படுவார்கள். குளிப்பாட்டியதும் தலைமுடி காய சாம்பிராணி காட்டுவது ஆசையில் செய்வதுதான். ஆனால் எந்தப் புகையும் அந்தச் சின்னக் குழலைப் புண்ணாக்கும். சாம்பிராணி, கொசுவர்த்தி, விறகடுப்பு எதுவும் பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். சுருட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. தாத்தா திண்ணையில் பிடித்தாலும் புகை தொட்டிலுக்கு வந்துவிடும். தலையைத் துண்டால் ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது இரண்டையும் அறவே விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்கே போய்விடும்.

தாய்ப்பால் விடாமல் கொடுக்கட்டும். அது பெரிய காவல். ஆறாவது வாரத்தில் நியூமோகாக்கல் ஊசி போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் இலவசம். அது நிமோனியாவுக்கானது, இந்த வைரஸைத் தடுக்காது. இருந்தாலும் தவறவிடக் கூடாது. ஆர்.எஸ்.வி.க்கென்றே கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசி 2023-ல் வெளிநாடுகளில் வந்துவிட்டது. நம் இலவச அட்டவணைக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

மெடிக்கலில் இருமல் மருந்து மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். 2025-ல் நம் மாநிலத்தில் தயாரான சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் செத்தார்களே, அதற்குப் பிறகு மத்திய அரசே இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடாது என்று சொல்லியது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது.

இத்தனைக்குப் பிறகும் சளி பிடித்தால், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கண்கொத்திப் பாம்பாக இருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ, முனகினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, 108-ஐக் கூப்பிட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதுவே போதும், காத்திருக்க வேண்டாம்.

"மூச்சை எப்படிண்ணே எண்றது?"

தூங்கும்போது சட்டையை மேலே ஏற்றிவிட்டு, வயிறு எழும்புவதைப் பார்த்து எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. பச்சைக் குழந்தை விட்டு விட்டுத்தான் மூச்சு விடும். முழு ஒரு நிமிஷம். 60-ஐத் தொட்டால் திரும்ப ஒரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் 60 வந்தால் வண்டியை எடுங்கள்.