பதினைந்து வயதுக் கார்: செலவழிப்பதா, மாற்றுவதா?

2008-க்கும் 2012-க்கும் இடையில் டி.என். 67 பலகையோடு விருதுநகர் மாவட்டச் சாலைகளுக்கு வந்த ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் கார்களுக்கெல்லாம் இப்போது பதினைந்து வயது நெருங்கிவிட்டது, அல்லது கடந்துவிட்டது. கிளட்ச் வழுக்குகிறது, ஏசி குளிர்வதில்லை, மேடு ஏறினால் இழுவை இல்லை. "நாற்பதாயிரம் வரும்" என்று மெக்கானிக் சொன்ன அன்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: விற்றால் ஒரு லட்சம்கூடத் தேறாத வண்டிக்கு நாற்பதாயிரம் போடுவதா?

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காரின் சந்தை விலை, அதை வாங்க வருகிறவருக்கு வேண்டிய கணக்கு. ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் பார்க்க வேண்டியது வேறு. நாற்பதாயிரம் போட்டால் வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும்? போடாமல் வேறு கார் வாங்கினால் அதே ஆண்டுகளுக்கு எவ்வளவு செலவாகும்? இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

ஷோரூம் விலை ஏழு லட்சம் என்றுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்ளலாம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு உயர்த்திய ஆயுள் வரிப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம்; அதாவது 91,000 ரூபாய். மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். கையில் உள்ளதைப் போட்டு, ஐந்து லட்சத்துக்கு மட்டும் 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,500 ரூபாய். ஆண்டுக்கு 1,26,000. வட்டி மட்டும் மொத்தம் 1,30,000 ரூபாய். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மானப் பட்டியலோ, நான்கு முடிந்து ஐந்தாண்டுக்குள் இருக்கும் காரின் மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததில் விலை இறங்கியது உண்மை. ஆனாலும் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும் இந்தச் செலவு பெரிதாக மாறவில்லை.

புது வண்டி மைலேஜ் கொடுத்தே காசை மிச்சப்படுத்திவிடும் என்பது அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் கார், பழையது லிட்டருக்கு 14, புதியது 20 என்று கொண்டால், மிச்சமாகும் பெட்ரோல் ஏறத்தாழ 170 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 17,000 ரூபாய். இரண்டு மாதத் தவணைக்குக்கூட எட்டாத தொகை. நாள்தோறும் மதுரைக்குப் போய்வருகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு. கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஓடும் குடும்பக் காருக்கு மைலேஜ் ஒரு காரணமே அல்ல.

சிவகாசி வட்டாரத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே பணம் பருவத்தை ஒட்டி வருகிறது. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனை தொடங்கும் பட்டாசுக் கடைகள், தீபாவளி வரை மூச்சுவிடாமல் ஓடும். தீபாவளி போனஸ், கமிஷன், பாக்கி வசூல் எல்லாம் அந்தச் சில மாதங்களில்தான் கைக்கு வரும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடிக் கிடந்து, மறுபடி பூஜை போட்டுத் திறக்கும். காலண்டர், டைரி அச்சகங்களுக்கும் ஆண்டின் பின்பாதிதான் அறுவடை. மாதம் பிறந்தால் தவணை கேட்கும் வங்கிக்கு இந்தப் பருவமெல்லாம் தெரியாது. 2018 அக்டோபர் 23-இல் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு, ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. அப்போது தவணையில் கார் வைத்திருந்த வீடுகளின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பழுதுச் செலவை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். வண்டியை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகலாம். தவணையைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பழுதுபார்ப்பதன் பக்கம் தராசு சற்றுக் கூடுதலாகவே சாயும். ஓராண்டுத் தவணைத் தொகையில் பாதிக்குள் ஆண்டுப் பழுது அடங்கும்வரை, பழைய காரே மலிவு. டயர், பேட்டரி, பிரேக் பேடு போன்றவற்றை இந்தப் பழுதில் சேர்க்கக் கூடாது. புதுக் காருக்கும் அவை வரும் செலவுதான்.

"பதினைந்து வருஷம் ஆனால் வண்டியை ஒழித்தே ஆக வேண்டும்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது டெல்லி வட்டாரத்துச் செய்தி. பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் என்ற தடை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் தலைநகர்ப் பகுதிக்காகப் போட்டது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. பதினைந்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக்கப்பட்டது. இதோடு பசுமை வரியும் உண்டு. கெடு முடிந்த பிறகு போனால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதல் கட்டணம் ஏறும். ஆகவே பெரிய வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் ஆர்.சி. முடியும் தேதியைப் பார்ப்பது நல்லது. இன்ஜின் வேலை பார்த்த மூன்றாம் மாதமே எஃப்.சி.க்காக டிங்கரிங், பெயிண்டிங் என்று இன்னொரு செலவு வந்து நிற்பது வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான தொகை தெரியும்.

அடுத்தது, வண்டிக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்வது. கிளட்ச் பிளேட், சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், ஷாக் அப்சர்வர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரசர் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. மாற்றிவிட்டால் அந்தப் பகுதியைப் பொறுத்தவரை வண்டி புதிதாகிவிடும். இவற்றுக்காகக் காரை மாற்ற வேண்டியதே இல்லை. கவலைப்பட வேண்டியவை இரண்டு: இன்ஜினின் உள்வேலை, பாடியின் துரு.

இன்ஜினுக்கு அனுபவமுள்ள மெக்கானிக் செய்யும் சோதனை ஒன்றை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதே வாயின் மேல் தளர்வாக வைப்பார். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்து, கீழிருந்து புகை குப்குப்பென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரியும் வாயு கீழே கசிகிறது என்று பொருள். மூடியின் அடிப்பக்கத்தில் பால் கலந்த காபி நிறத்தில் பசை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இவற்றை வைத்து மட்டும் முடிவு கட்டாமல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் மாட்டி கம்ப்ரஷன் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், வால்வா, ரிங்கா, கேஸ்கெட்டா என்று பார்த்த பிறகே செலவைச் சொல்ல முடியும். அதற்கு முன் சொல்லப்படும் எந்தத் தொகையும் வெறும் ஊகம்.

இந்த மாவட்டத்து இன்ஜின்கள் அதிகம் கெடுவது சூட்டினால். வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். கூலண்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் ஒரு வண்டியின் ஆயுளையே பாதியாக்கிவிடும். கெட்டிலில் படிவதுபோல் சுண்ணாம்பு உள்ளே படிந்து, நீரோட்டம் அடைபட்டு, ஒரு நாள் நான்குவழிச் சாலையில் முள் சிவப்புக்குப் போய், ஹெட் வளைந்துவிடும். சூடேறி ஹெட் வளைந்த வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன் மெக்கானிக்கிடம் இரண்டுமுறை கேட்க வேண்டும்.

துரு விஷயத்தில் இந்த வறண்ட பூமி காரின் பக்கம் நிற்கிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைக் கார்களைப்போல் இங்குள்ளவை அரித்துப்போவதில்லை. ஆனாலும் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும். உள்ளே மிதியடிகளைத் தூக்கித் தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, ஷாக் அப்சர்வரின் மேல்முனை உட்காரும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அந்தக் காருக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் போடக் கூடாது. பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்கு மறையும், மோதும்போது மறையாது. பட்டி போட்ட இடத்தைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும், அங்கே ஒட்டாது.

பழைய பெட்ரோல் கார்களின் ரப்பர் குழாய்களும் ஒயரிங்கும் இன்னொரு கவலை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று பங்குகளில் கிடைப்பது. பழைய ரப்பர்க் குழாய்களும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றிவிடுவது பெரிய செலவும் அல்ல. வெளியூர் உறவினருக்குப் பட்டாசுப் பெட்டிகளை டிக்கியில் வைத்துக் கொண்டுபோகும் ஊர் இது. பெட்ரோல் வாடை அடிக்கும் காரில், டேப் சுற்றிய ஒயர்களுக்கு நடுவே, பட்டாசு ஏற்றவே கூடாது. வியாபாரச் சரக்கை ஏற்றக் குடும்பக் கார் எந்த வயதிலும் உரிய வண்டியல்ல. தனியார் கார் பாலிசி அதற்கு இடம் தருவதும் இல்லை.

பணக்கணக்கு பழைய காரின் பக்கம் நின்றாலும், அதற்கு எதிரான வலுவான வாதம் உயிர்ப் பாதுகாப்பு. கார்களில் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலை முதலும்தான் கட்டாயமாயின. முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கான ஏர்பேக் 2021-இல் கட்டாயமானது. 2010-இல் வாங்கிய அடிப்படை மாடல் கார்கள் பலவற்றில் இவை எதுவும் இருக்காது; எவ்வளவு செலவழித்தாலும் பின்னால் பொருத்தவும் முடியாது. ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ நான்குவழிச் சாலையில் போகும் குடும்பம், இன்ஜின் நன்றாக இருந்தாலும் காரை மாற்றுவதே சரி.

ஸ்பேர் கிடைப்பதும் ஒரு முக்கியமான கேள்வி. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இன் இறுதியில் செவ்ரலே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை விடுவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை மறு ஆண்டு ஓய்ந்தது. இந்த வண்டிகளுக்குச் சாதாரணத் தேய்மானப் பொருள் கிடைத்துவிடும். கண்ணாடி, விளக்கு, மின்னணுப் பெட்டி என்று வரும்போதுதான் திண்டாட்டம். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-க்கு அந்தத் தொல்லை குறைவு. ஏராளமாக விற்ற வண்டி என்பதால் அதன் பொருள்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

மாற்றுவது என்று முடிவானால் அது புதுக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2019-க்குப் பிந்தைய, ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள செகண்ட் ஹேண்ட் கார், பல குடும்பங்களுக்குப் பொருத்தமான நடுவழி. வாங்கும்போது சர்வீஸ் பதிவையும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும் அந்த மாதிரி வண்டியை, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். பழைய காருக்குக் கிளெய்ம் எடுக்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் உரிமையாளருக்கு உரியது. அடுத்த காரின் பாலிசிக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. 2021-இல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள்; புதுக் கார் வாங்கும்போது பதிவுக் கட்டணச் சலுகைக்கு அது உதவும். உடைத்த செய்தியைப் பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். விற்பதானாலும் இதே கவனம் தேவை. பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்தாலும், ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறேன்" என்ற வாக்கை நம்பாமல், படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ந்த பிறகே காரை வாசலை விட்டு அனுப்புங்கள்.