மலையேறிய எஞ்சின்களின் மூன்று தலைமுறைகள்

கொழும்பிலிருந்து பதுளை வரையில் ஓடும் மலைநாட்டு இருப்புப் பாதையின் நீளம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஆகும். இது 1894-இல் பண்டாரவளையை எட்டியது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. பட்டிப்பொலையில் பாதை 6,200 அடிக்கு மேல் உயர்ந்து, பின்னர் ஊவாவை நோக்கி இறங்குகின்றது. தெமோதரையிலோ, நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி குன்றை ஒருமுறை சுற்றி, அந்நிலையத்தின் அடியிலேயே குடைந்த சுரங்கத்தினுள் நுழைகின்றது.

செங்குத்தான இடங்களில் 44 அடி தூரம் சென்றால் 1 அடி ஏறவேண்டும். வளைவுகளும் மிகக் குறுகியவை. இத்தகைய பாதைக்கு எவ்வகை எஞ்சின் ஏற்றது? இக்கேள்விக்கு மூன்று தலைமுறைகள் மூன்று விடைகள் அளித்தன.

முதல் விடை நீராவி. ஆற்றல் மிகவேண்டுமாயின் எஞ்சின் நீளவேண்டும். நீண்டாலோ வளைவில் திரும்பாது. இச்சிக்கலைத் தீர்க்க இங்கிலாந்தின் பெயர் பீகொக் நிறுவனம் காரட் எஞ்சினை அமைத்தது. நடுவே கொதிகலன், இருபுறமும் தனித்தனியே திரும்பும் சக்கரத் தொகுதிகள்! ஆயினும் கரியும் நீரும் சுமந்து செல்லும் தொல்லையும், சுரங்கத்தில் சூழும் புகையும் நீங்கவில்லை.

இரண்டாம் விடை 1954-இல் கனடாவிலிருந்து வந்தது. கொழும்புத் திட்ட உதவியாகக் கிடைத்த எம்-2 டீசல் எஞ்சின்கள் அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி நின்றன. இவற்றில் டீசல் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியை இயக்குகின்றது. அம்மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களை ஓட்டுகின்றது. ஆகவே இழுவிசை சீராகப் பாய்கின்றது. ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவது குறைகின்றது.

மூன்றாம் விடை ஜெர்மனியைச் சேர்ந்தது. ஹென்ஷல் நிறுவனத்தின் எம்-6 எஞ்சின்கள் 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் வந்திறங்கின. உடல் ஜெர்மனியில் உருவாயினும், உள்ளிருந்த 1,650 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பே. எம்-2-ஐப் போலவே இதிலும் மும்மூன்று அச்சுத் தொகுதியில் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை. அது பாரத்தைப் பகிரவே உள்ளது. புதுத் தலைமுறை தோன்றினும் பழைய தலைமுறையின் நற்குணம் தொடர்ந்தது. 2012-இல் சீனாவின் எஸ்-12 தொடர்கள் வந்தபோது, எஞ்சின் தனியே நில்லாமல் வண்டித் தொடரின் இரு முனைகளிலும் ஒன்றிவிட்டது.

இவ்வெஞ்சின்களை இழுவிசையால் மட்டும் அளக்கலாகுமா? தோட்டத் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியதும், தோட்டங்களுக்கு அரிசி ஏற்றி வந்ததும் இப்பாதையே. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவராயினர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார்க் கப்பலை நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். ஏறியவரும் அழுதனர், மேடையில் நின்றவரும் அழுதனர். ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று எழுதப்பட்டிருந்தது.

கனடாவும் ஜெர்மனியும் தந்த எஞ்சின்களுக்குப் பொறியியல் நூல்களில் எண்ணும் வகையும் உண்டு. தோட்ட மக்களுக்கோ எல்லாம் கோச்சிதான். அது எவரைக் கொண்டுவந்தது, எவரைக் கொண்டுபோயிற்று என்பதே அவர்கள் வைத்திருக்கும் கணக்கு.